படுக்கை நனைக்கும் பிள்ளைகள்: ஆயிரம் ஆண்டு அறிவும் நாம் மறந்த அருளும்

காஞ்சிபுரத்தின் தென்மேற்கே, வேகவதி ஆற்றை ஒட்டித் திருப்பருத்திக்குன்றம் என்னும் ஊர் இருக்கிறது. பருத்தியைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊர். முற்காலத்தில் சமணர்கள் செழித்து வாழ்ந்தமையால் ஜினகாஞ்சி என்ற பெயரும் இதற்கு உண்டு. பல்லவர் காலத்தில் தொடங்கிய கோயிலும், 1387ஆம் ஆண்டில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டுவித்த சங்கீத மண்டபமும், அதன் விதானத்து ஓவியங்களும் வரலாற்று மாணவர்களை இன்றும் அங்கே அழைத்து வருகின்றன.

நாம் இங்கே பேசப்போவது அக்கோயில்களைப் பற்றி அன்று. காஞ்சியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் அறிந்தவர்கள் ஒரு நெசவாளர் வீட்டின் உட்புறத்தையும் அறிவார்கள். வீட்டின் பெரும்பகுதியைத் தறி எடுத்துக்கொள்ளும். பட்டு இழைகள் பாவாக விரிந்து கிடக்கும். ஒரு முகூர்த்தப் புடவை என்பது பல நாள் உழைப்பு. முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ கணக்குச் சொல்லவேண்டிய பட்டும் ஜரிகையும் அதில் அடங்கியிருக்கும். இரவானால் அந்தத் தறியின் அருகிலேயே பாய் விரித்துப் பிள்ளைகள் உறங்குவார்கள். அப்படிப்பட்ட வீட்டில், பள்ளிக்குச் செல்லும் ஒரு பிள்ளை இரவுதோறும் படுக்கையை நனைத்தால், விடியற்காலையில் பெற்றோருக்கு எழும் சினத்தை நம்மால் புரிந்துகொள்ள முடியும்.

இது நெசவாளர் வீட்டுக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. ஒரே அறையில் ஐவர் உறங்கும் சென்னை வீட்டிலும், வளைகுடா நாட்டு அடுக்ககத்திலும் இது உண்டு. வெளியில் யாரும் சொல்வதில்லை. பெருநாள் விடுமுறைக்கு நன்னி வீட்டுக்குப் போகலாம் என்றால் ஒரு பிள்ளை மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். குர்ஆன் மனனம் செய்ய மத்ரஸா விடுதியில் சேர்க்கலாம் என்றால் அழும். காரணம் கேட்டால் தலை குனியும். அந்தக் குனிந்த தலைக்காகவே நாம் இந்த வரலாற்றை எழுதுகிறோம். இந்தப் பிள்ளைகளை மனித சமுதாயம் எவ்வாறு நடத்தியது, நம் மார்க்கமும் நம் முன்னோரின் மருத்துவமும் அவர்களைப் பற்றி என்ன கூறின என்பதை அறிந்தால், நாளைக் காலையில் நாம் நடந்துகொள்ளும் விதம் மாறக்கூடும்.

பழமையான துன்பம், விந்தையான மருந்துகள்

இத்துன்பம் மனிதனின் எழுத்தைப் போலவே பழமையானது. கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 1550ஆம் ஆண்டைச் சேர்ந்த எகிப்தின் எபர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுவடியில், சிறுநீரை அடக்க இயலாத குழந்தைக்கான மருந்து ஒன்று இடம்பெற்றுள்ளது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி தம் பெருநூலில், வேகவைத்த எலியை உணவோடு கொடுக்கும் முறையைப் பதிவு செய்துள்ளார். 1545ஆம் ஆண்டளவில், ஆங்கிலத்தில் குழந்தை மருத்துவத்திற்கென முதன்முதலாக நூல் எழுதிய தாமஸ் ஃபேயர், படுக்கையில் சிறுநீர் கழித்தலுக்கு ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கினார். அவர் கூறிய மருந்துகளுள் சேவலின் மூச்சுக்குழாயை வறுத்துப் பொடித்ததும் ஒன்று.

இவற்றைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயன் தந்ததோ இல்லையோ, இவர்கள் அனைவரும் இதனை நோயாகவே கருதினார்கள், குற்றமாகக் கருதவில்லை.

இப்னு ஸீனா கண்ட உண்மை

இனி, தமிழகத்தில் முதலாம் ராஜேந்திர சோழன் ஆண்ட காலத்துக்கு (1014–1044) வருவோம். காஞ்சி அப்போது சோழப் பேரரசின் பெருநகரங்களுள் ஒன்று. திருப்பருத்திக்குன்றத்தின் பழைய கோயில் அப்பொழுதே பழையதாகிவிட்டிருந்தது. அதே காலத்தில் பாரசீகத்தில், புகாராவை அடுத்த சிற்றூரில் பிறந்த அபூ அலீ இப்னு ஸீனா (980–1037) ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் மருத்துவப் பேரிலக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

அந்நூலின் மூன்றாம் பாகத்தில், மூத்திரப்பையின் நோய்களைக் கூறும் இடத்தில், படுக்கையில் சிறுநீர் கழித்தலுக்கென ஒரு சிறு பகுதி உள்ளது. சில வரிகளே ஆயினும் அவற்றின் கூர்மை வியப்பளிக்கிறது. சிறுநீரை அடக்கும் தசையின் தளர்ச்சியை அவர் ஒரு காரணமாகக் காட்டுகிறார். சிறுவர்களைப் பொறுத்தவரை, அவர்களுடைய ஆழ்ந்த உறக்கம் இதற்குத் துணைபோகிறது என்கிறார். சிறுநீர் முட்டும்போது, அவர்கள் விழித்துக்கொள்வதற்கு முன்பே உடலின் இயல்பு அதனை வெளியேற்றிவிடுகிறது. அது நாம் மூச்சுவிடுவதைப் போன்ற, நாம் அறியாமலேயே செயல்படும் மறைவான ஒரு நாட்டத்தால் நிகழ்வது என்று விளக்குகிறார். பிள்ளைகள் வளர்ந்து வலுப்பெறும்போது உறக்கம் இலேசாகி, இது தானே நின்றுவிடும் என்றும் முடிக்கிறார்.

உறங்கும் பிள்ளை மூச்சுவிடுவதற்காக யாரும் அதனைக் கடிந்துகொள்வதில்லை. அந்த மூச்சோடு ஒப்பிட்டதன் மூலம், இப்பிள்ளையிடம் சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை என்பதை அவர் தெளிவாக்கிவிட்டார். அவர் அதன்பின் பரிந்துரைக்கும் மருந்துகள் அக்காலத்துக்கு உரியவை. இன்று அவற்றைப் பின்பற்றவேண்டிய தேவை இல்லை. காரணத்தைக் கண்ட அவருடைய பார்வையோ இன்றைய மருத்துவத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

அல்கானூன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு என்பவரால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது. கிழக்கே அது யூனானி மருத்துவமாக இந்தியாவுக்கு வந்தது. நம் ஊர்களில் ஹக்கீம் என்ற சொல்லே அந்த மரபின் எச்சம். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இன்றும் அம்மரபைக் கற்பித்து வருகிறது. இவ்வளவு அருகில் இருந்த ஓர் அறிவு, நம் வீட்டுத் திண்ணை வரை வந்து சேரவில்லை என்பதே நாம் வருந்தவேண்டிய செய்தி.

நோய் குற்றமான காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவம் பல துறைகளில் முன்னேறியது. ஆனால் படுக்கை நனைக்கும் பிள்ளைக்கு அது கொடிய காலம். முதுகின் அடிப்பகுதியில் கொப்புளம் எழுப்பும் பூச்சுகள், மின்சார அதிர்ச்சி, பெல்லடோனா போன்ற நச்சுத் தாவரச் சாறுகள் எனப் பலவும் பிள்ளைகள்மீது கையாளப்பட்டன. விடுதிப் பள்ளிகளிலோ மருந்தின் இடத்தைப் பிரம்பு பிடித்துக்கொண்டது.

அதற்குச் சான்று கூற, நம் நாட்டில் பிறந்த ஒருவரே இருக்கிறார். 1903ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று, இன்றைய பீகாரின் மோதிஹாரியில், ஆங்கில அரசின் அபினித் துறையில் பணிபுரிந்த ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் எரிக் பிளேர். ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரால் பிற்காலத்தில் உலகமே அறிந்த எழுத்தாளர். எட்டு வயதில் இங்கிலாந்தின் தென்கடற்கரையிலிருந்த ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். வீட்டைப் பிரிந்த ஓரிரு வாரங்களில் படுக்கையை நனைக்கத் தொடங்கினார். தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் அதனை விவரிக்கிறார். அக்கட்டுரை அவர் இறந்த பின்னர் 1952இல் வெளியாயிற்று.

இரவுதோறும் படுக்கை நனையக்கூடாது என்று இறைவனிடம் மன்றாடியதாக அவர் கூறுகிறார். ஆயினும் நனைந்தது. தலைமையாசிரியர் குதிரைச் சவுக்கால் அடித்தார். அடி வலிக்கவில்லை என்று சக மாணவர்களிடம் அவர் சொன்னது காதில் விழவே, மீண்டும் அழைக்கப்பட்டு, சவுக்கு ஒடியும் வரை அடிக்கப்பட்டார். அடியின் வலியைவிட அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது வேறொன்று. தான் செய்யாத, செய்ய விரும்பாத, தடுக்கவும் இயலாத ஒன்று பாவமாகிவிடும் ஓர் உலகில் தான் இருக்கிறோம் என்ற எண்ணமே அது. எட்டு வயதில் ஏற்பட்ட அந்தக் காயத்தை நாற்பது வயதுக்குப் பிறகும் அவர் எழுதவேண்டியிருந்தது.

நம் வீடுகளில் சவுக்கு இல்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் “சூடு வைத்தால்தான் அடங்குவாய்” என்ற மிரட்டல் இல்லையா? தம்பி தங்கையர் முன்னிலையில் ஈரப் போர்வையைத் தூக்கிக் காட்டுவது இல்லையா? “நீ அசுத்தம், முஸல்லாவைத் தொடாதே” என்று சொல்வது இல்லையா? இந்த மூன்றாவது சொல்தான் மிகவும் அஞ்சத்தக்கது. பிள்ளையின் உள்ளத்தில் அது தொழுகையையும் அவமானத்தையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

மார்க்கம் சொன்னது என்ன?

தடுக்க இயலாதது பாவமாகுமா என்று மோதிஹாரியில் பிறந்த அந்தச் சிறுவன் கேட்ட கேள்விக்கு, நம் மார்க்கம் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை சொல்லியிருந்தது. மூவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்: விழிக்கும் வரை உறங்குபவர், பருவம் அடையும் வரை சிறுவர், தெளிவு பெறும் வரை சித்தம் கலங்கியவர். அபூதாவூத், திர்மிதீ முதலிய தொகுப்புகளில் இடம்பெற்ற இந்த நபிமொழியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். படுக்கை நனைத்த பிள்ளையை முன்னிறுத்தி அதனை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? அப்பிள்ளை சிறுவராகவும் இருக்கிறது, உறங்கியும் இருக்கிறது. இரண்டு வகையிலும் அதன் ஏட்டில் எதுவும் எழுதப்படவில்லை. வானவர் எழுதாத குற்றத்தை நாம் எழுதுவது எவ்வாறு முறையாகும்?

இன்னொரு நிகழ்ச்சி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. கிராமவாசி ஒருவர் மஸ்ஜிதுந் நபவியின் ஒரு பகுதியில் சிறுநீர் கழித்தார். தோழர்கள் பதறி அவரைத் தடுக்க முனைந்தார்கள். அவரை இடைமறிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் முடித்த பின்னர், ஒரு வாளித் தண்ணீரை அந்த இடத்தில் ஊற்றச் சொன்னார்கள். எளிமையாக்கவே நீங்கள் அனுப்பப்பட்டீர்கள், கடினமாக்க அன்று என்று தோழர்களுக்கு உணர்த்தினார்கள். அவர் வளர்ந்த மனிதர், விழித்திருந்தவர், இடமோ பள்ளிவாசல். அவருக்கே அவ்வளவு கனிவு காட்டப்பட்டது என்றால், தன் வீட்டுப் பாயில் உறங்கிய பிள்ளைக்கு நாம் காட்டவேண்டிய கனிவு எவ்வளவு?

சட்ட விளக்கமும் எளிமையானதே. பள்ளி வயதுப் பிள்ளையின் சிறுநீர் அசுத்தமே. அது பட்ட உடலையும் துணியையும் தண்ணீரால் கழுவ வேண்டும். அதற்காகக் குளிப்பு கடமையாவதில்லை. கழுவி, உடை மாற்றி, உளூச் செய்தால் தொழலாம், குர்ஆனைத் திறக்கலாம். தண்ணீரால் தீரும் ஒரு காரியம் அது. ஆகவே சுபுஹு நேரத்தில் விழித்து, தன் உடையை மாற்றிக்கொண்டு, தந்தையின் அருகில் தொழுகைக்கு நிற்கும் பிள்ளையிடம் நாம் சொல்லவேண்டியது ஒரு நல்ல சொல் மட்டுமே.

அறிவியல் மீண்டும் கண்டறிந்தவை

இருபதாம் நூற்றாண்டு இந்தப் பிள்ளைகளுக்குச் சிறிது சிறிதாக நீதி செய்தது. 1904ஆம் ஆண்டில் ஃபவுண்ட்லர் என்னும் குழந்தை மருத்துவர், மருத்துவமனைப் படுக்கை நனைந்ததும் செவிலியருக்குத் தெரிவிக்கும் மணி ஒன்றை அமைத்தார். துணியை உடனே மாற்றவேண்டும் என்பது மட்டுமே அவர் நோக்கம். ஆனால் சில வாரங்களில் பல பிள்ளைகள் படுக்கை நனைப்பதையே நிறுத்திவிட்டதை அவர் கண்டார். 1938இல் அமெரிக்காவில் மவுரர் தம்பதியர் அந்த மணியையே சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்கள். முதல் துளி விழுந்ததும் மணி ஒலிக்கும். பிள்ளை விழித்துக் கழிப்பறைக்குச் செல்லும். நாளடைவில் மணிக்கு முன்பே உடல் விழிக்கப் பழகும். இன்றும் மருத்துவர்கள் முதன்மையாகப் பரிந்துரைக்கும் முறைகளுள் இது ஒன்று. இரண்டு மூன்று மாதங்கள் பொறுமையோடு தொடர வேண்டும்.

1973இல் வெளிவந்த பேக்வின் என்பவரின் ஆய்வு, இது குடும்பவழி வருவதை எண்களால் காட்டியது. தாய் தந்தை இருவருமே சிறுவயதில் படுக்கை நனைத்தவர்களாயின் பிள்ளைகளில் நூற்றுக்கு 77 பேருக்கும், ஒருவர் மட்டுமாயின் 44 பேருக்கும், இருவருமே அல்லர் எனில் 15 பேருக்கும் அது இருந்தது. அதாவது, பிள்ளையைக் கடிந்துகொள்ளும் தந்தைக்கே அது தன் சிறுவயதின் மறந்துபோன கதையாக இருக்கக்கூடும். 1980களில் டென்மார்க்கின் மருத்துவர்கள் வேறொரு காரணத்தையும் கண்டார்கள். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரெசின் என்னும் இயக்குநீர், இப்பிள்ளைகளில் சிலருக்கு இரவில் போதிய அளவு கூடுவதில்லை. ஆழ்ந்த உறக்கம், நிறைந்த மூத்திரப்பை, விழிப்புக்கு முந்தும் உடல் ஆகியவை இப்போது ஒன்றாகப் புரிகின்றன. இப்னு ஸீனா சுட்டிய திசையிலேயே அறிவியல் வந்து நின்றது.

ஐந்து வயதில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பிள்ளைகளுக்கு இது உண்டு. ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் ஏழில் ஒருவர் அளவில் தாமாகவே விடுபடுகிறார்கள். ஒரு வகுப்பில் நாற்பது சிறுவர்கள் இருந்தால், நம் பிள்ளை அங்கே தனியாக இல்லை. இதனைப் பிள்ளையிடமும் சொல்ல வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

நம் பிள்ளைகள் பலர் பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சிப் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. மாலையில் வீடு வந்ததும் தாகம் தீரக் குடிக்கிறார்கள். இதனை மாற்றிக் காலையிலும் நண்பகலிலும் நன்றாகக் குடிக்கவும், உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து குறைத்துக்கொள்ளவும் பழக்க வேண்டும். மாலைக்குப் பின் தேநீரும் காப்பியும் வேண்டாம். ரமலானில் நோன்பு திறந்த பின் கஞ்சியும் சர்பத்துமாக இரவு நெடுநேரம் நீள்வதால் ஈரம் மிகுவது இயல்பு. அம்மாதத்தில் கூடுதல் பொறுமை தேவை.

இஷாவுக்குப் பின் படுக்கைக்குச் செல்லும்முன் கழிப்பறைக்குப் போவது வழக்கமாகட்டும். மலச்சிக்கல் இருந்தால் அதற்கு முதலில் மருத்துவம் செய்ய வேண்டும். நிறைந்த குடல் மூத்திரப்பையை அழுத்தும். ஸஹர் நேரத்தில் எழும் பெற்றோர் பிள்ளையை நன்றாக விழிக்கச் செய்து அழைத்துச் செல்லலாம். அது பாயைக் காக்கும். நோயைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மெத்தைக்கு மேல் நீர் புகாத விரிப்பும், அருகில் மாற்று உடையும் துண்டும் இருந்தால் நள்ளிரவில் கூச்சல் தேவைப்படாது. பாராட்டுவதாக இருந்தால் ஈரமில்லாத இரவைப் பாராட்டாமல், பிள்ளை தன் முயற்சியால் செய்ததைப் பாராட்டுவோம்: நேரத்துக்குக் கழிப்பறை சென்றது, துணியை வாளியில் போட உதவியது.

துணி துவைக்கும் சுமை பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. அவள் சினத்தின் ஒரு பகுதி அவளுடைய களைப்பு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியதை நினைவில் கொண்டு, தந்தையரும் அந்த வாளியைத் தூக்கட்டும்.

மருத்துவரிடம் செல்லவேண்டிய அறிகுறிகளும் உண்டு. பகலிலும் சிறுநீர் கசிதல், எரிச்சல் அல்லது வலி, மிகுந்த தாகமும் உடல் மெலிவும், உறக்கத்தில் பலத்த குறட்டை, ஆறு மாதத்திற்கு மேல் நின்றிருந்தது திடீரெனத் திரும்புதல் ஆகியவை தென்பட்டால் காலம் கடத்தக்கூடாது. திடீரெனத் திரும்பியதன் பின்னால் பள்ளியிலோ வீட்டிலோ ஏற்பட்ட அச்சமும் இருக்கலாம். மெல்லக் கேட்க வேண்டும். டெஸ்மோபிரெசின் என்னும் மருந்தும் உண்டு. இரவு நீர் அருந்துவதில் கட்டுப்பாடு தேவைப்படும் மருந்தாதலால், மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. பிள்ளையை விடுதியில் சேர்ப்பதாயின், பொறுப்பாளரான உஸ்தாதிடம் மட்டும் தனியே சொல்லி, அவருடைய துணையைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் கடமை.

திருப்பருத்திக்குன்றத்தின் தறி வீட்டிலாயினும் நம் வீட்டிலாயினும், நாளைக் காலையில் ஒரு பாய் நனைந்திருக்கலாம். அப்பிள்ளை நம் முகத்தைத்தான் முதலில் பார்க்கும். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு மாற்று உடையும் அங்கே போதும். மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளிடம் கனிவோடு நடக்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.